உள்ளே இருக்க வேண்டிய வரி

அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்குப் பெயர் டமால். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கல்யாணப் பத்திரிகையோடு சரி.

விஷயம் இதுதான். வாழ வந்த முதல் வாரம், நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், முட்டை அடுக்கிய தட்டு ஒன்றை யாரும் சொல்லாமலே தூக்கிக்கொண்டு உள்ளறைக்குக் கிளம்பினாள். உள்ளறை வாசலில் ஒரு படி இருக்கிறது. எந்தப் புண்ணியவான் கட்டினானோ, இருப்பதே கண்ணுக்குத் தெரியாத உயரம். அந்த வீட்டு ஆட்களின் கால்களுக்கு அது பழகிப்போயிருந்தது. இவள் காலுக்கு யார் சொல்வது? டமால். தட்டு ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், மஞ்சள் கரு சுவர் வரைக்கும். சத்தம் கேட்டு ஓடி வந்த நாத்தனார் முட்டைகளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், "வந்துட்டா டமாலு" என்றாள். அன்றைக்கு ஒட்டியதுதான். புருஷன்கூட நல்ல மனநிலையில் இருக்கும்போது அப்படித்தான் கூப்பிட்டான்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு அக்கா, இவளுக்கு அண்ணி. பொரிப்பகம் அண்ணியுடையது. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தே உள்ளே உயிர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். முட்டை விஷயத்தில் அவள் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மனிதர்களையும் அப்படித்தான் ஒரே சுற்றில் பார்த்து முடித்துவிடுவாள், வம்பே அங்கேதான். டமாலைப் பார்த்து முடித்தாகிவிட்டது: கை நிதானம் இல்லாதவள். அதற்கப்புறம் முட்டை இருக்கிற தட்டு எதையும் அவளைத் தொட விட்டதில்லை. காலித் தட்டு கழுவலாம், உடைந்த ஓடு கூட்டலாம், தரை துடைக்கலாம். வருஷங்கள் ஓடியும் அண்ணியின் தீர்ப்பு அசையவில்லை.

போகட்டும் என்று டமால் கண்ணாடிக் கடை மாடியில் நடந்த மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சி புரோகிராமிங். சொல்லிக்கொடுத்த பெண் இவளைவிடச் சின்னவள், ஆனாலும் மிஸ். லூப் நடத்திய அன்றைக்கு, ஒரு சொல்லைத் திரையில் திரும்பத் திரும்ப எழுதவைக்கச் சொன்னாள் மிஸ். டமால் தன் பட்டப்பெயரையே போட்டாள். எண்ணிக்கையைக் கூட்டும் வரியை மறந்துவிட்டாள். திரை முழுக்க டமால் டமால் என்று ஓடுகிறது, நிற்கவே இல்லை, வகுப்பே சிரிக்கிறது.

"அக்கா, லூப்னா ஒரே கேள்விதான் கேக்கணும்" என்றாள் மிஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உள்ள என்ன மாறுது? ஒண்ணுமே மாறலன்னா அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு வெளிய வரத் தெரியாது."

டமால் தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்தான்.

பொரிக்கிற பெட்டியின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கருவி கருகிப்போனபோதுதான் அவளுக்கு வாய்ப்பு வந்தது. ரிப்பேர்காரர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று போக்குக் காட்டினார். டமால் வகுப்பில் பயிற்சிக்காக வாங்கிய சின்ன போர்டு ஒன்றை வைத்து, வெப்பத்தை அளக்கும் கம்பியையும் எண் காட்டும் சின்னத் திரையையும் மாட்டி, புரோகிராம் எழுதிக் காட்டினாள். புருஷன் அக்காவிடம் கெஞ்சினான். அண்ணி வேறு வழியில்லாமல்தான் ஒத்துக்கொண்டாள்.

"வெளிய நின்னு என்ன வேணா பண்ணு. முட்டை மேல உன் மூச்சுக்காத்து படக்கூடாது."

வேலை செய்தது. என்ன செய்தது என்றால், மிகச் சாதாரணமான காரியம். வெப்பத்தை அள, திரையில் காட்டு. முப்பத்தேழுக்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன லூப்புக்குள் போ: ஹீட்டரைப் போடு, மறுபடி அள, மறுபடி காட்டு. முப்பத்தேழைத் தொட்டதும் வெளியே வா, ஹீட்டரை அணை. பிறகு முதலிலிருந்து. போடும்போது ஒரு டிக், அணைக்கும்போது ஒரு டிக். நாள் முழுக்க டிக், டிக். அண்ணிக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. "பல்லி கத்துற மாதிரி காதுக்குள்ளயே" என்று திட்டுவாள். ஆனால் குஞ்சுகள் ஒழுங்காகப் பொரித்தன, ஆகவே வாயை மூடிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் வாத்துக்காரம்மா வந்து சேர்ந்தாள்.

அவள் வளர்த்த வாத்துக் கூட்டம் முழுவதும் நோயில் போய்விட்டது. சாம்பல் கழுத்து வாத்துகள். அவள் அம்மா காலத்திலிருந்து அதே வம்சம். நோய் வருவதற்கு முன்னால் எடுத்து வைத்த முட்டைகள் மட்டும் ஒரு தட்டு மிச்சம். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். "இதுதாம்மா மிச்சம். இது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பார்த்து, "உசுரு இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றாள். அண்ணி வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அந்த முட்டைகள் இப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தன. பொரிக்கிற பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடியாகிவிட்டது. இனி குஞ்சு வெளியே வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கிற ஈரம் போய்விட்டால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பாவம், கொத்தவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் அங்கேயே செத்துப்போகும். இதனால் அந்தப் பொரிப்பகத்தில் ஒரே ஒரு சட்டம்: கதவைத் தொட்டால் கை இருக்காது. வாத்துக்காரம்மா காலையிலேயே வந்து முன்னறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் கண்ணாடி தெரியும். ஈரத்தில் பூத்துப்போய் உள்ளே ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாளில், வேறு நாளே கிடைக்காத மாதிரி, டமாலுக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

முந்தைய வகுப்பில் மிஸ் சொல்லியிருந்தாள்: எழுதினதைச் சுத்தமா வெச்சுக்கணும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எழுதக் கூடாது. வீட்டுக்கு வந்து டமால் தன் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அளக்கும் வரி, காட்டும் வரி: வெளியே ஒரு தடவை, சின்ன லூப்புக்குள் இன்னொரு தடவை. அச்சு அசலாக அதே வரிகள். சுத்தக்காரி அவள். தட்டுக் கழுவிக் கழுவிப் பழகிய கை. ஒரே பாத்திரம் ரெண்டு எதற்கு என்று உள்ளே இருந்ததை எடுத்துவிட்டாள். வெளியேதான் அளந்தாகிவிட்டதே! பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது, தெரியுமா. அதைச் சாயங்காலம் மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன்னால் நிஜப் பெட்டியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால்? அண்ணி சாப்பிடப் போன நேரம் பார்த்து லேப்டாப்பை மாட்டி, புதியதை ஏற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். முப்பத்தேழு புள்ளி மூன்று. முப்பத்தேழு புள்ளி ஒன்று. மெதுவாக இறங்கி முப்பத்தாறு புள்ளி ஒன்பது. டிக். ஹீட்டர் வந்தது. சரியாக இருக்கிறது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, பின்கட்டுத் தொட்டிக்குத் தட்டுக் கழுவப் போய்விட்டாள்.

அணைகிற டிக் வரும்வரை நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

தட்டுகள் நிறையச் சேர்ந்திருந்தன. தேய்த்து, அலசி, வெயிலில் சாய்த்து வைத்து, புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது அண்ணி பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. அப்படி ஒரு முகத்தை டமால் பார்த்ததே இல்லை.

"ஏய் டமாலு, என்ன பண்ணின இதை?"

டமால் காய்ந்த கையை மறுபடி துடைத்தாள். "எதை அண்ணி?"

"இந்தக் கருமம் பிடிச்ச டிக் டிக்கை. நிறுத்திட்டியே! நான் வந்து உக்காந்ததுல இருந்து ஒரு சத்தம் இல்ல. நம்பரும் பாரு, ஆடாம அசையாம நிக்குது. இதைத்தான நான் அப்பவே கேட்டேன்?" அண்ணி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களாம்மா, எங்க வீட்டுப் பொண்ணு பண்ணினது. படிக்கிறா."

எங்க வீட்டுப் பொண்ணு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று டமால் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. அவள் தட்டுக் கழுவப் போனபோதும் அதேதான் இருந்தது. இந்தத் திரையில் கடைசி எண் ஒருபோதும் சும்மா இருக்காது. ஒன்று ஏறும், இல்லை இறங்கும், ஏறி இறங்கும். கண் கொட்டாமல் பார்த்தாள். எண் அசையவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். உள்ளே மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும். டிக் இல்லை.

உள்ள என்ன மாறுது?

ஐயோ.

ஒன்றுமே மாறவில்லை. உள்ளே அளப்பதற்கு வரியே இல்லை. அவளே எடுத்துவிட்டாள். போர்டு ஒரே ஒரு தடவை அளந்தது: முப்பத்தாறு புள்ளி ஒன்பது, குறைச்சல், ஹீட்டரைப் போடு. அதற்கப்புறம் அந்தப் பழைய எண்ணையே கையில் வைத்துக்கொண்டு குறைச்சல், குறைச்சல், போடு, போடு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. காட்டுவதும் அந்தப் பழைய எண்தான். தொட்டி நிறையத் தட்டுக் கழுவி முடித்த நேரம் முழுக்க ஹீட்டர் எரிந்திருக்கிறது. உள்ளே இப்போது என்ன சூடு? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"அண்ணி, எழுந்திரிங்க."

"ஏன்?"

"ஹீட்டரை நிறுத்தணும். உள்ள சூடு ஏறிடுச்சு."

அண்ணி திரையைப் பார்த்தாள். "முப்பத்தாறு புள்ளி ஒம்பதுன்னு போட்டிருக்கே."

"அது பழசு அண்ணி. அது பொய்."

"இப்பத்தான் நல்லா இருக்குன்னு வாய் நிறையச் சொன்னேன், உனக்குப் பொறுக்கலையா?" அண்ணி எழுந்தாள், ஆனால் நகரவில்லை. பெட்டிக்கும் இவளுக்கும் நடுவில் நின்றாள். "கொத்துற நேரம். சூட்டை நிறுத்தினா குளுந்து போகும். நம்பர் நல்லாத்தான் இருக்கு. உன் விளையாட்டையெல்லாம் நாளைக்கு வெச்சுக்கோ."

"விளையாட்டு இல்ல அண்ணி! கண்ணாடியில கை வெச்சுப் பாருங்க!"

"அது எப்பவும்தான் சுடும்."

உண்மைதான், எப்பவும் சுடும். எவ்வளவு சுடுகிறது என்று கையால் எப்படிச் சொல்வது? பெஞ்சில் இருந்த வாத்துக்காரம்மா எழுந்து வந்துவிட்டாள். "என்னம்மா ஆச்சு? என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி, "ஒண்ணும் இல்ல, நீங்க உக்காருங்க" என்றாள். யாரும் உட்காரவில்லை.

டமால் ஒரு நொடி யோசித்தாள். கெஞ்சிக்கொண்டு நின்றால் உள்ளே வெந்துபோகும். இடித்துத் தள்ளினால் காலத்துக்கும் பேச்சு நிற்கும். நின்றால் நிற்கட்டும். அண்ணியின் இடுப்புக்குப் பக்கத்தில் கையை விட்டு, சுவரில் இருந்த ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அடிப்பாவி!"

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். முட்டை பிடிக்கிற கைக்கு இவ்வளவு பலமா என்று இருந்தது. "சொருகு. இப்பவே சொருகு. அடுத்தவ உசுரைக் கொண்டாந்து நம்ம கையில குடுத்திருக்கா, நீ..."

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் என்னை வெட்டிப் போடுங்க."

மிச்சம் இருந்த இடது கையை நீட்டி, போர்டின் ஓரத்தில் இருந்த சின்னக் கறுப்புப் பட்டனை அழுத்தினாள். திரை அணைந்தது. அதை அழுத்தினால் புரோகிராம் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். தொடங்கும்போது ஒரு தடவையாவது நிஜமாக அளந்துதான் தீர வேண்டும். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அண்ணியின் பிடி தளரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. வருமா, வராதா.

வந்தது.

முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

அண்ணி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த கை தானாக விட்டது. வாத்துக்காரம்மாவுக்கு எண் புரியவில்லை. ஆனால் அண்ணியின் முகம் புரிந்தது. வாயில் தலைப்பைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த கணம் அண்ணி வேறு ஆளாகிவிட்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "வெதுவெதுப்பா தண்ணி கொண்டா. பச்சைத் தண்ணி வேணாம், ஓடு விரிஞ்சிடும். தெளிக்கிற பாட்டில் அலமாரியில இருக்கு. ஓடு!" டமால் ஓடினாள். திரும்பி வந்தபோது அண்ணி பெட்டியின் மேல்பக்கக் காற்று ஓட்டையை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். பாட்டிலை வாங்கினாள். கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். வைத்தவள் ஒரு கணம் நின்றாள். தன் சட்டத்தைத் தானே உடைக்கிறவளுக்கு அந்த ஒரு கணமாவது வேண்டாமா? பிறகு கதவை விரல் நுழையும் அளவு திறந்து, அந்த இடைவெளியில் பாட்டில் மூக்கை விட்டுப் புகைமாதிரி தெளித்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள், தெளித்தாள், மூடினாள்.

முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

"இறங்குது அண்ணி."

"தெரியுது. கீழ போயிடாம பாத்துக்க. போனா இந்தக் கழுதை மறுபடி இதே மாதிரி மாட்டிக்குமா?"

"மாட்டிக்கும். நான் புரோகிராமை மாத்தணும். மாத்தி முடிக்கிற வரைக்கும் போர்டு அணைஞ்சு அணைஞ்சு வரும். நம்ப முடியாது." டமால் லேப்டாப்பைத் திறந்தாள். "உள்ள வைக்க ஒரு தெர்மாமீட்டர் இருக்கா?"

காய்ச்சல் பார்க்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அது ஒரு தடவை ஏறினால் உதறாமல் இறங்காது. அண்ணி அதை உதறி, காற்று ஓட்டை வழியாக நூலில் கட்டி இறக்கினாள். எடுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், உதறினாள், மறுபடி இறக்கினாள். இன்னொரு கையில் ஹீட்டர் பிளக்.

"குறைஞ்சிருந்தா சொருகுங்க அண்ணி. ஆனா சொருகிட்டு சும்மா இருக்கக் கூடாது. மறுபடி பாக்கணும். ஏறிடுச்சுன்னா பிடுங்கணும். பிடுங்கிட்டும் பாக்கணும்."

"சூடு போட்டவ பாக்காம இருப்பாளா? எவளாச்சும் அடுப்பைப் பாக்காம எரிப்பாளா?"

டமாலுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எடுத்துவிட்ட இரண்டு வரிகளைத் திரும்ப அடித்தாள். அடித்ததில் எழுத்துப் பிழை. அழித்து அடித்தாள். ஏற்றப் போனால் கேபிள் சரியாகப் பொருந்தவில்லை. பிடுங்கி ஊதி மறுபடி மாட்டினாள். அண்ணி உதறினாள், இறக்கினாள், பார்த்தாள், சொருகினாள், பார்த்தாள், பிடுங்கினாள். வாத்துக்காரம்மா கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு, கேட்கிறதா கேட்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

புரோகிராம் ஏறிவிட்டது, அண்ணி பிளக்கைச் சொருகிவிட்டுக் கையை எடுத்தாள். முப்பத்தேழு புள்ளி நான்கு. மூன்று. ஒன்று. முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

டிக்.

இந்தத் தடவை டமால் நகரவில்லை. அண்ணியும் நகரவில்லை. மூன்று பெண்களும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண் அசைந்தது: முப்பத்தேழு.

டிக்.

அண்ணி அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "அப்பாடா! இந்தச் சத்தம் கேக்க மாட்டமான்னு ஆயிடுச்சு" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் நின்னது நீ பண்ணினதுன்னு நெனச்சேன், இது கெட்டுப்போயில்ல நின்னிருக்கு! அந்த போர்டு வித்தவன் கையில கிடைக்கட்டும். வீணாப் போனதை நம்ம தலையில கட்டிட்டான். நல்ல வேளை, நீ பாத்த."

"தெய்வம் மாதிரி வந்து பாத்தியே தாயி" என்று வாத்துக்காரம்மா டமாலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பாருங்கள், எவ்வளவு வசதியான இடம். வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். போர்டுக்காரன் மேல் பழி, இவளுக்குப் பேர். எங்க வீட்டுப் பொண்ணு. இன்னும் ஒரு வாரத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணி சொல்லிக்கொண்டிருப்பாள். சரி என்று இருந்துவிடலாமா என்று டமால் நினைத்தாளா? நினைத்தாள். மனுஷிதானே. வாத்துக்காரம்மா பிடித்த கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுதான் அவளை இருக்கவிடவில்லை.

"போர்டு மேல தப்பு இல்ல. நான் பண்ணினது."

"என்ன?"

"நீங்க சாப்பிடப் போனப்ப நான்தான் புரோகிராமை மாத்தினேன். நல்லா ஓடிக்கிட்டிருந்ததை. சுத்தம் பண்றேன்னு அளக்குற வரியை எடுத்துட்டேன். அது ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் பாக்காமலே சூடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. பாக்காம எரிக்கச் சொன்னதே நான்தான் அண்ணி."

வாத்துக்காரம்மா கையை விட்டுவிட்டாள். இழுத்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. விட்டுவிட்டாள், அவ்வளவுதான். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அண்ணியின் குரல் உயரவில்லை. "கொத்துற நாள்ல. இந்த முட்டையில. கையை வெச்சுக்கிட்டு உன்னால சும்மா இருக்க முடியல." பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "எந்த இடத்துல எடுத்த? காட்டு" என்றாள்.

டமால் லேப்டாப்பைத் திருப்பி, சின்ன லூப்புக்குள் இருந்த வரிகளைத் தொட்டுக் காட்டினாள். அண்ணிக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியப் போவதில்லை. ஆனாலும் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது வெளியவும் இருக்கு, உள்ளவும் இருக்கு."

"ஆமா அண்ணி. ரெண்டு இடத்துலயும் இருக்கணும்."

"இனிமே எடுப்பியா?"

"மாட்டேன்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். டமால் பின்கட்டுக்குப் போய், கழுவிக் காய்ந்த தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் முதல் சத்தம் கேட்டது. ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கொத்து. வாத்துக்காரம்மாதான் முதலில் கேட்டாள்; "இருக்கு, இருக்கு" என்று கத்தினாள். பிறகு இன்னொன்று. பிறகு வெகுநேரத்துக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டி டிக் டிக் என்று கத்திக்கொண்டிருந்தது, அண்ணி ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

விடிந்து வெயில் ஏறிய பிறகு அண்ணி கதவைத் திறந்தாள். தட்டின் முன்பக்கம் முழுக்கக் குஞ்சுகள். ஈரம் உலராமல், கால் நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டு. சாம்பல் கழுத்து அப்போதே தெரிந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பின்வரிசை முட்டைகள் மட்டும் ஓடு விரியாமல் அப்படியே இருந்தன. அண்ணி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுத் தனியாக வைத்தாள். டமால் அதைச் சுவரோரம் நின்று பார்த்தாள். பார்க்காமல் போய்விடக் கூடாது என்று கட்டாயமாகப் பார்த்தாள்.

"வம்சம் நிக்கும்மா" என்றாள் அண்ணி வெளியே பார்த்து. "மொத்தமும் வரல. ஆனா நிக்கும்."

வாத்துக்காரம்மா முன்னறையில் முந்தானையை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். குஞ்சுகளை ஒரு தட்டுக்கு மாற்றியாகிவிட்டது. வழக்கம்போல் டமாலின் புருஷன் தூக்குவதற்குக் கை நீட்டினான்.

"நீ இரு" என்றாள் அண்ணி. "டமாலு, இங்க வா. தூக்கு."

டமால் அசையவில்லை. காது தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தாள். புருஷன் அக்காவைப் பார்த்தான். "அக்கா, நேத்து இவ பண்ணின காரியத்துக்கு..."

"நேத்து என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ வாயை மூடு." அண்ணி தட்டை எடுத்து டமாலின் கைகளில் வைத்தாள். வைத்த பிறகும் தன் கைகளை உடனே எடுக்கவில்லை. தட்டுக்கு அடியில் நான்கு கைகள் கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு இரண்டு இருந்தன.

தட்டு கனக்கவில்லை. ஆனால் நகர்ந்தது, குஞ்சுகள் ஓரத்துக்கு ஓரம் உருண்டன, கீச்சிட்டன. டமால் உள்ளறை வாசல் வரைக்கும் வந்தாள்.

"படி இருக்கு" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "பாத்து."

"பாத்துக்கிட்டேதான் போறேன் அண்ணி" என்றாள் டமால். குஞ்சுகளைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மறுபடி குஞ்சுகளைப் பார்த்தாள், காலைக் கீழே வைத்தாள்.